தலைமாத்தி செய்த காவல் சம்மனசு

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, பொம்மை என்று பிறந்த எதுவும் தலைமாத்தியின் கண்ணில் பட்டுவிட்டால் பிறந்த முகத்தோடு போய்ச் சேர்ந்ததே கிடையாது. நான் சும்மா சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பொம்மை அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் தபால்காரரே தெருமுனையில் நின்று, "தலமாத்தி ஊட்டுக்கு ஒரு தபால் கீது, வாங்கிக்கிறியா?" என்றுதான் கேட்பார். குமணன்சாவடிப் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் ஷெட்டில் அவருக்குப் பட்டி பார்க்கும் வேலை. தகரத்தில் விழுந்த பள்ளத்தைப் பட்டியால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும்படி ஆக்க வேண்டும். பகலெல்லாம் லாரிகளின் மேடு பள்ளத்தைச் சமமாக்கிவிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து பொம்மைகளின் முகத்தில் மேடு பள்ளம் உண்டாக்குவார்.

"பொம்ம செய்யறவன் அவசரத்துல யாரோ ஒருத்தன செஞ்சி அனுப்பிட்றான், நைனா. உள்ள வேற ஒருத்தன் குந்திகினு கீறான். நான் அவன வெளிய கூப்புடறேன், அவ்ளோதான்" என்பார். அவர் சொல்லும் விதத்தில் நமக்கும் உள்ளே யாரோ குந்தியிருப்பது போலத் தோன்றிவிடும்.

ஒருமுறை யாரோ தஞ்சாவூர் போய்த் தலையாட்டிப் பொம்மை வாங்கி வந்தார்கள். தாத்தா பொம்மை. தட்டினால் ஆமாம் ஆமாம் என்று மேலும் கீழும் ஆட்டும். அது தலைமாத்தி கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. திரும்பி வந்தபோது அது எங்கள் ரேஷன் கடைக்காரர். அதே வழுக்கை, அதே காதில் சொருகின பேனா. அதிசயம் அதுவல்ல. உள்ளே கம்பியை என்ன செய்தாரோ, தலை இப்போது பக்கவாட்டில் மட்டும்தான் ஆடியது. "சக்கர கீதா?" என்று கேட்டுத் தட்டினால், இல்லை. "பாமாயில்?" இல்லை. "மண்ணெண்ணெய்?" இல்லவே இல்லை. தெருவே வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. கடைசியில் ரேஷன் கடைக்காரரும் வந்தார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அவர் ஒரு தட்டு தட்டினார், யோசித்தார். "பரவால்ல, என்னவிட மரியாதையா சொல்லுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு வீட்டில் கொலுவில் வைக்கும் கல்யாண ஊர்வலத்து மாப்பிள்ளைப் பொம்மைக்குக் கை உடைந்துவிட்டது. ஒட்டித் தரச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒட்டித்தான் தந்தார். ஆனால் மாப்பிள்ளை பஸ் கண்டக்டராகியிருந்தார். தோளில் பை, வாயில் விசில், விரலிடுக்கில் டிக்கெட் கட்டு. வீட்டுக்கார அம்மா அழாத குறை.

"இன்னாப்பா இது, மாப்புள எங்க?"

"கை ஒடஞ்ச வாட்டத்த பாத்தியாம்மா? மாலைக்கு நீட்டுற கையா அது? விசிலுக்குத் தூக்குற கை. நான் இன்னா பண்ணுவேன்?"

அந்த வருஷம் அவர்கள் வீட்டுக் கொலுவில் மணப்பெண் பல்லக்கில் தனியாக வந்தாள், முன்னால் கண்டக்டர் போனார். மற்ற வீடுகளில் சுண்டல் மீந்துபோயிற்று. அந்த வீட்டில் மட்டும் வாசல் வரைக்கும் கூட்டம்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் கோபம் வராது. முதலில் ஏரிக் களிமண்ணைக் குழைத்துப் பொம்மை முகத்தில் அப்புவார். குடைக் கம்பி, ஒடிந்த ரம்பத் துண்டு, மனைவி தனம் அக்காவின் கொண்டை ஊசி, இவைதான் ஆயுதங்கள். கம்பி நுனியால் இங்கே ஒரு தொடல், அங்கே ஒரு கீறல். மூக்கு வரும். மூக்குக்கு ஏற்ற கோபம் வரும். களிமண்ணில் ஆள் சரியாக வந்த பிறகு அதை வழித்துப் போட்டுவிடுவார். பிறகு குழாய் ஒழுகினால் அடைப்பார்களே, கறுப்பு உருண்டையும் வெள்ளை உருண்டையும் சேர்த்துப் பிசையும் பசை, அதை எடுத்து அதே ஆளை மறுபடியும் செய்வார். அந்தப் பசை இரண்டு மணி நேரத்தில் கல்லாகிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். அப்போது வீட்டுக்கு மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் உரசிக்கொண்டு போனாலும் அவருக்குக் கேட்காது. தனம் அக்கா கூப்பிட்டால் சுத்தமாகக் கேட்காது.

"எம் மூஞ்சிய மட்டும் வுட்டு வெச்சிகீறான், அதுவே பெரிசு" என்பார் தனம் அக்கா.

"உள்ள வேற யாரும் இல்ல தனம். எல்லாம் நீதான்" என்பார் இவர். அது புகழ்ச்சியா இல்லையா என்று அக்காவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

நான் பக்கத்துப் போர்ஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்பர். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. இதனாலேயே அவருக்கு என்னைப் பிடிக்கும். "நீ ஒருத்தன்தான்யா அசையாம குந்துவே" என்று எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, யாருக்குக் காது செய்வதாக இருந்தாலும் என் காதைப் பார்த்துத்தான் செய்வார். அந்த வட்டாரத்தில் பாதிப் பொம்மைகளுக்கு என் காது.

இவ்வளவு செய்தாரே, அவரிடம் யாரும் "எனக்கு ஒன்று செய்து கொடு" என்று கேட்டதில்லை. உடைந்ததை ஒட்டச் சொல்லிக் கொடுப்பார்கள், மாறி வந்ததும் திட்டுவார்கள், பிறகு சிரிப்பார்கள். நல்ல பொம்மையைக் கெடுக்கிற ஆள் என்பதுதான் அவருக்கு இருந்த பெயர். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் லூர்து அக்கா ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து, "அண்ணே, எனக்கு ஒண்ணு செஞ்சி குடுக்கணும்" என்றபோது, அவர் எழுந்து நின்று சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

லூர்து அக்கா தெருக்கோடி வீடு. கணவருக்கு வடக்கே எங்கோ கேம்பில் வேலை. இங்கே அக்காவும் மகள் ரோஸியும்தான். ரோஸி மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் சதை வளர்ந்து, சோறு இறங்காமல், தூங்கினால் மூச்சுத் திணறி, குழந்தை குச்சியாக இளைத்துப் போயிருந்தாள். ஆபரேஷன் செய்து எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருமுறை கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டவள்தான், நர்சும் வாட்ச்மேனும் சேர்ந்து இழுத்தபோது தூண்தான் ஆடியதாம். திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்த தேதி வரும் திங்கட்கிழமை.

லூர்து அக்கா குடும்பம் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். தேவதூதரை அவர்கள் வீட்டில் சம்மனசு என்பார்கள். ஒவ்வொரு குழந்தை கூடவும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தூதர் துணைக்கு வருவாராம். அவர் காவல் சம்மனசு. "உன் காவல் சம்மனசு உங்கூடவே ஆஸ்பத்திரி உள்ள வருவாரு, பயப்படாதே" என்று அக்கா சொல்லியிருக்கிறார். "எங்க, காட்டு" என்றாளாம் ரோஸி. "கண்ணுக்குத் தெரியமாட்டாரு." "அப்ப நானும் வரமாட்டேன்." கையில் பிடித்துக்கொள்ளும்படி ஒருவர் இருந்தால்தான் உள்ளே போவேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு லூர்து அக்கா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "ரோஸி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குதுண்ணே. இத வெச்சி ஒரு காவல் சம்மனசு செஞ்சி குடுத்தீங்கன்னா வந்துடும். திங்கக்கெழம காலைல வேணும்."

தலைமாத்தியும் நானும் பெரிதாகத் தலையாட்டினோம்.

அக்கா போனதும் பெட்டியைத் திறந்தார். அக்காவின் தம்பி கப்பலில் வேலை பார்ப்பவர், எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்தது. மேலே படத்தில் கொம்பும் கோரைப்பல்லும் வாலும், முதுகில் இரண்டு பெரிய ரெக்கையுமாக ஒரு அரக்கன். ரோஸி பயப்படுகிறாள் என்று அக்கா அதைப் பரணில் போட்டு, எழுந்து வராமல் இருக்க மேலே ஒரு ஜெபமாலையும் வைத்திருந்தாராம். ரெக்கை இருக்கிறதே, முகத்தை மட்டும் மாற்றினால் சம்மனசு ஆகிவிடும் என்று அக்கா கணக்கு. உள்ளே அரக்கன் துண்டு துண்டாக, சாப்பிட்டு முடித்த பிரியாணி எலும்பு மாதிரி கிடந்தான். கை தனி, கால் தனி, ரெக்கை தனி. நாம்தான் சேர்த்து ஒட்ட வேண்டும். எல்லாம் ரெசின் என்கிற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் வார்த்தது என்று கப்பல்காரத் தம்பி சொல்லியிருந்தாராம்.

தலைமாத்தி ஒரு துண்டை எடுத்து ரம்பத்தால் லேசாக இழுத்தார். "நைனா! சோப்பு மாதிரி வெட்டுது. எலும்பு மாதிரி நிக்குது. இத்தினி நாளா நான் இன்னாத்த செஞ்சிகினு இருந்தேன்?" என்றார்.

பிறகு யோசனையில் ஆழ்ந்தார். "காவல்னா போலீஸு. சம்மன்சுனா சம்மன். கோர்ட்டுல குடுப்பான் பாரு, அந்தப் பேப்பரு. ஒண்ணுக்கு மேலன்னா இங்கிலீஸ்ல ஸு போடுவான். புள்ள ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குது. அதனால போலீஸ்காரன் சம்மனோட வந்து கூப்புட்ற மாதிரி கேக்குறாங்க."

எனக்கு அது மிகவும் சரியாகப் பட்டது.

"ஆனா ஒண்ணு. சின்னப் புள்ளைக்கு சம்மனு ரொம்ப ஓவரு. லூர்து இவ்ளோ கண்டிப்பான பொம்பளன்னு நென்ச்சிக்கூடப் பாக்கல" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் வேறு எதையும் தொடவில்லை. அரக்கனின் மார்பு மேல் பசையை மெல்லிசாகத் தட்டிக் காக்கிச் சட்டை போட்டார். இஸ்திரி மடிப்பு தெரிந்தது. தொந்தி வந்தது. தொந்திக்கு மேலே இழுத்துக் கட்டின பெல்ட்டில் தையல் கூடத் தெரிந்தது. நகம் நீண்ட கால்கள் பூட்ஸுக்குள் போயின. வாலை நிமிர்த்தி நறுக்கி லத்தி ஆக்கினார். ரெக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "போலீஸ்காரனுக்கு இது எதுக்கு? ஆனா மெல்லிசா நல்லா கீது, வீணாக்கக் கூடாது" என்று ஒரு ரெக்கையை வளைத்து அறுத்துத் தொப்பியாக்கினார். இன்னொன்றைத் தேய்த்துத் தேய்த்து, காற்றில் லேசாகச் சுருண்ட காகிதமாக்கி, போலீஸ்காரர் கையில் கொடுத்தார். யார் பெயருக்கு என்று அக்காவைக் கேட்டுவிட்டு எழுதலாமென்று, பேப்பர் மேல் கடைசியாகப் பூச வேண்டிய பசையை மட்டும் பாக்கி வைத்தார்.

முகத்துக்கு என்னை எதிரில் உட்கார வைத்தார். காது முடிந்தும் எழுந்திருக்க விடவில்லை.

"போலீஸப் பாத்தா புள்ள பயந்துடும். அதான் உன் மூஞ்சியே வெச்சிட்றேன். உன்னப் பாத்து இதுவரைக்கும் ஒரு பூனகூட பயந்ததில்ல."

இந்தியாவிலேயே கூச்சப்படுகிற ஒரே போலீஸ்காரர் அப்படித்தான் உருவானார். சம்மனை நீட்டிக்கொண்டு, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று கேட்பது போல நின்றார். நான் என் வாழ்நாளில் அவ்வளவு அழகான பொம்மையைப் பார்த்ததில்லை. என் முகம் என்பதால் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லூர்து அக்கா, பொம்மையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவரும்படி தனம் அக்காவிடம் சொல்லிவிட்டு, ரோஸியோடு முதல் வண்டியிலேயே போய்விட்டார். பேப்பருக்குப் பசை பூசிக்கொண்டு நாங்கள் அடுத்த எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்தோம். பசை ஈரமாக இருந்ததால் பொம்மையைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்து, "எத்தினி மாசம்?" என்றாள். "ஒரு வாரம்மா" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரோஸி அதே தூணைக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இன்றைக்கு விட்டால் இனி எப்போது கிடைக்குமோ தெரியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாராம். எங்களைப் பார்த்ததும் அக்கா ஓடி வந்தார். தலைமாத்தி பெஞ்சில் பொம்மையை நிறுத்தி, துண்டை மெதுவாக எடுத்தார்.

அக்கா பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பொம்மையைப் பார்த்தார்.

"யாருண்ணே இது?"

"நீ கேட்டதும்மா. காவலு. சம்மன்ஸு."

"ஐயோ அண்ணே! சம்மன் இல்ல, சம்மனசு! தேவதூதரு! ரெக்கை வெச்சவரு!"

"ரெக்கையா?" என்றார் தலைமாத்தி.

"பொட்டியில ரெண்டு இருந்துச்சே, எங்க?"

"ஒண்ணு தொப்பி ஆயிடுச்சி. இன்னொண்ணு..." விரலால் பேப்பரைக் காட்டினார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தலைமாத்தியின் கைகளுக்குப் போக்கிடம் தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், பின்னால் கட்டினார். வாழ்க்கையில் ஒருவர் நம்பிக் கேட்டது, அதுவும் இப்படி ஆயிற்று என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் வராதே.

இதற்குள் ரோஸி தூணை விட்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. பொம்மைக்கு முன்னால் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இவருதான் என் காவல் சம்மனசா? சம்மனசுக்கு ரெக்கை இருக்குமே?"

தலைமாத்தி சட்டென்று அவள் உயரத்துக்குக் குந்தினார். "கீது பாப்பா. சட்டைக்குள்ள மடிச்சி வெச்சிகீறாரு. ஆஸ்பத்திரி உள்ள ரெக்கைய விரிச்சிகினு போனா நர்சம்மா வுடுவாங்களா? அதான் மஃப்டில வந்துகீறாரு."

ரோஸி சட்டையின் முதுகைத் தடவிப் பார்த்தாள். அரக்கனின் தோள்பட்டை நன்றாகவே புடைத்திருந்தது. "ஆமா, உள்ள இருக்கு" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "ஏன் இந்த மாமா மூஞ்சி மாதிரியே இருக்காரு?"

"ஆளு அடையாளம் தெரியக் கூடாதில்ல? ரெண்டு நாளைக்குக் கடனா வாங்கிப் போட்டுகினு வந்துகீறாரு."

"இது என்ன பேப்பரு?"

"சம்மன்."

"யாருக்கு?"

தலைமாத்தி அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையை இறக்கியிருந்தார். "டாக்டருக்கு" என்றார் தலைமாத்தி. "அவரு எப்டி எப்டி நடந்துக்கணும்னு உத்தரவு. நீதான் சொல்லணும். ஈரமாத்தான் கீது, எழுதிட்றேன்." பையிலிருந்து குடைக் கம்பியை எடுத்தார்.

ரோஸி தீவிரமாக யோசித்தாள். "ஊசி வலிக்கக் கூடாது."

"ஊ... சி... வலிக்க... கூடாது. அப்பறம்?"

"அம்மா கதவுக்கிட்டயே நிக்கணும்."

"அம்மா... கதவு... சரி."

"முடிஞ்சதும் ஐஸ்கிரீம்."

"எடம் பத்தலியே பாப்பா. 'ஐ' மட்டும் போட்றேன். டாக்டரு படிச்சவரு, புரிஞ்சிப்பாரு."

நர்ஸ் வந்து, "யாரு இவரு?" என்றார். "என் காவல் சம்மனசு. டியூட்டியில இருக்காரு" என்று சொல்லிவிட்டு, ரோஸி பொம்மையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, தானே நடந்து உள்ளே போனாள். உத்தரவுப்படி லூர்து அக்கா கதவுக்கிட்டேயே நின்றார். நானும் தலைமாத்தியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலேயே தலை உடைந்த ஒரு சிமெண்ட் மயில் இருந்தது. அதை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து அக்காவிடம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இரண்டு நாளில் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டு, சம்மனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவசரமாகப் போய்விட்டார். அக்கா தலைமாத்தியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா" என்று இவரும் கையை விடுவித்துக்கொண்டார்.

திரும்பும் வண்டியில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வில்லிவாக்கம் தாண்டியதும் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"நைனா, எழுத்து ரொம்பப் பொடிசாப் பூடுச்சே. டாக்டரு படிச்சிருப்பாரா?"

"படிச்சாருண்ணே" என்றேன். "கண்ணாடியக் கழட்டித் தொடச்சிப் போட்டுகினு, முழுசாப் படிச்சாரு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அந்தக் கதவுக்கு அப்பால் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முழு நேரமும் அந்த பெஞ்சில், அவர் தோளில் என் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தேன். அது அவருக்கும் நன்றாகவே தெரியும்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஆவடி வரும்வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.